கலைச்சொல் உதவி: காய்ந்த மண் நனைந்ததும் கிளம்பும் கார்பனுக்கு என்ன பெயர்?

அனுப்புநர்: கடலூர்
திங்கள், காலை 9.10

குழுவினருக்கு வணக்கம்.

வேளாண் இளநிலை மாணவர்களுக்கான மண்ணியல் செய்முறை ஏடு தமிழில் வருகிறது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஏழாவது செய்முறை ஒரே ஒரு சொல்லுக்காக நிற்கிறது.

நன்றாகக் காய்ந்து கிடக்கும் மண்ணில் மழை விழுந்த சில நிமிடங்களிலேயே கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றம் மளமளவென்று ஏறுகிறது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் உச்சம் தொட்டு, அடுத்த சில நாட்களில் தணிந்துவிடுகிறது. காயவிடாமல் ஈரமாகவே வைத்திருந்த அதே மண்ணில் இந்த ஏற்றம் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பிர்ச் 1958-ல் இதைப் பற்றி எழுதினார். அதனால் உலகம் முழுவதும் அவர் பெயரால் வழங்குகிறது.

செய்முறை சுருக்கமாக: 2 மி.மீ. சல்லடையில் சலித்த மண், சாடிக்கு 50 கிராம். ஒரு சாடியில் ஈரம் குறையாத மண். இன்னொன்றில் நிழலில் உலர்த்திய மண்ணை நீர்கொள் திறனில் 60 சதவீதம் வரும்படி நனைத்தது. மூன்றாவது சாடியில் மண்ணே கிடையாது. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு குப்பியில், வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச, 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 10 மி.லி. வைத்து, காற்று புகாமல் மூடிவிட வேண்டும். 24 மணி நேரம் கழித்துக் குப்பியை எடுத்து, பேரியம் குளோரைடு விட்டு, ஃபீனால்ப்தலீன் நிறங்காட்டி சேர்த்து, 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பார்க்க வேண்டும்.

ஏட்டில் கொடுத்துள்ள மாதிரிக் கணக்கு: மண் இல்லாத சாடிக்கு 19.6 மி.லி. அமிலம், நனைத்த மண் சாடிக்கு 18.4. வித்தியாசம் 1.2. அதை 0.5 ஆலும், கார்பன் டை ஆக்சைடின் சமான எடையான 22 ஆலும் பெருக்கினால் 13.2 மி.கி. கார்பன் டை ஆக்சைடு. 22-க்குப் பதில் 6 போட்டால் கார்பன் மட்டும் 3.6 மி.கி.; கிலோ மண்ணுக்கு 72 மி.கி.

"மறுநனைவுத் துடிப்பு" என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே திருப்தி இல்லை. கூடவே, மழைக்கும் மழைக்கும் நடுவே வரும் வறண்ட இடைவெளிக்கும் ஒரு சொல் வேண்டும். அட்டவணையில் அது ஒரு பத்தியின் தலைப்பு.

அனுப்புநர்: பண்ருட்டி
திங்கள், காலை 11.45

அம்மா, வணக்கம். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குச் சொல் ஊரிலேயே இருக்கிறது. மழை விட்டு வானம் தெளிவதை "வெறிச்சிடுச்சு" என்றுதான் சொல்கிறோம். வெறித்தல் என்றால் மழை நிற்றல், வானம் தெளிதல். அகராதியிலும் உண்டு. "வெறிப்பு நாட்கள்" என்று போடுங்கள். எந்த விவசாயிக்கும் விளக்கம் வேண்டாம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். "துடிப்பு" வேண்டாம். நாடி துடிக்கிறது, இதயம் துடிக்கிறது என்றால் விடாமல், சீரான இடைவெளியில் நடப்பது. நீங்கள் சொல்வது ஒரு மழைக்கு ஒரு தடவை ஏறி இறங்குவது.

நெல்லுக்கு நீர்க்கட்டுப்பாடு சொல்லும்போது வேளாண்மைத் துறை "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்று எழுதி, அது பட்டிதொட்டி எல்லாம் பரவிவிட்டது. காயவிடு, பிறகு பாய்ச்சு. இங்கேயும் அதே காய்தல், அதே நனைதல். "காய்ச்சல் பாய்ச்சல் உமிழ்வு" என்றால் பாதி வேலை முடிந்துவிட்டதே?

அனுப்புநர்: காரைக்கால்
திங்கள், பிற்பகல் 1.20

பண்ருட்டியாரே, அந்தச் சொல்லைத் தயவுசெய்து இங்கே கொண்டுவர வேண்டாம். காய்ச்சலும் பாய்ச்சலும் தேங்கிய நீரில் நிற்கும் நெல்வயலுக்கு உரியது. துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவது. அங்கே முதல் நோக்கம் தண்ணீர்ச் சிக்கனம், அடுத்தது மீத்தேனைக் குறைப்பது. நீர் தேங்கினால் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துபோய் மீத்தேன் உருவாகும். காயவிட்டால் அது குறையும், நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும். அம்மாவின் செய்முறை மானாவாரி மண்ணைப் பற்றியது, வாயுவும் வேறு. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால், மீத்தேனைக் குறைக்கும் நல்ல முறைக்குக் கார்பனைக் கக்கும் முறை என்ற பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும்.

வெறிப்பு எனக்குச் சம்மதம்.

அனுப்புநர்: சிதம்பரம்
திங்கள், இரவு 8.05

அன்புடையீர்,

இந்நிகழ்வு தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் உழவு அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்:

தொடிப்புழுதி கஃசா உணக்கின் பிடித்தெருவும்
வேண்டாது சாலப் படும். (1037)

ஒரு பலம் புழுதி கால் பலம் ஆகும்படி காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் செழிக்கும். எரு ஏன் வேண்டாம்? உலர்ந்து நனையும் மண்ணில் கார்பனோடு நைட்ரஜனும் விடுபடுகிறது. பிர்ச் அவர்களின் கட்டுரையும் மக்கு (மண்ணில் மக்கிய உயிர்ப்பொருள்) சிதைவதையும் நைட்ரஜன் கிடைப்பையும் சேர்த்தே பேசுகிறது. ஆகவே சொல் "உணக்கு" என்னும் வினையிலிருந்தே பிறக்க வேண்டும்.

உணங்கு, உணக்கு. அடங்கு, அடக்கு போலவும் ஒடுங்கு, ஒடுக்கு போலவும் மெல்லினம் வல்லினமாகித் தன்வினை பிறவினையாகிறது. குறளில் உழவன் மண்ணை உணக்குகிறான். மழை பொய்த்த நிலமோ தானே உணங்குகிறது. நமக்கு வேண்டியது தன்வினை. "உணங்குமண் பெருமூச்சு" என்பது என் முன்மொழிவு. உணங்கல் என்றால் உலர்ந்த தானியம் என்ற பொருளும் உண்டு, குழப்பம் நேராது.

"நனைவு" குறித்தும் ஒன்று. பழந்தமிழில் நனை என்றால் அரும்பு. கள்ளுக்கும் அப்பெயர் உண்டு. வினையாக வரும்போது மட்டுமே ஈரமாதல். இது தடை அன்று. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அனுப்புநர்: வில்லியனூர்
செவ்வாய், காலை 7.30

சிதம்பரம் ஐயாவுக்கு வணக்கம். குறள் பொருத்தமான இடத்தில் வந்திருக்கிறது, ஏட்டின் முன்னுரையில் போடலாம். ஆனால் "மூச்சு" என்ற பகுதியை நுண்ணுயிரியல் ஏற்காது. வெளிவரும் வாயு முழுவதும் மூச்சல்ல.

மண் காயும்போது நுண்ணுயிர்கள் உள்ளிருக்கும் நீரைக் காப்பாற்றச் சர்க்கரைகளையும் அமினோ அமிலங்களையும் உயிரணுவுக்குள் சேர்த்துக்கொள்ளும். திடீரென்று நனைந்தால் வெளியே நீர் அதிகம், உள்ளே கரைபொருள் அதிகம். நீர் உள்ளே பாயும். தாங்காத உயிரணு வெடிக்கும். தாங்குவது, சேர்த்த சர்க்கரையை எரித்துத் தீர்க்கும் அல்லது வெளியே தள்ளும். இறந்ததைப் பிழைத்தது தின்னும். இது ஒரு வழி.

இன்னொன்று மண்கட்டி. காய்ந்த கட்டிக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. நீர் சுற்றிலும் நுழைந்து அந்தக் காற்றை நெருக்க, கட்டி உள்ளிருந்து உடைகிறது. காய்ந்த செம்மண் கட்டி ஒன்றைக் கண்ணாடித் தம்ளர் நீரில் மெல்ல இறக்கிப் பாருங்கள். முதலில் குமிழிகள் வரிசையாகக் கிளம்பும், பிறகு ஓரங்கள் செதில் செதிலாகக் கழன்று, சில நிமிடங்களில் அடியில் சேறாகப் பரவும். உள்ளே நுண்ணுயிர்க்கு எட்டாமல் கிடந்த மக்கு இப்போது வெளியே கிடக்கிறது.

கடைசியாக, மண் இடுக்குகளில் ஏற்கெனவே தேங்கியிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இறங்கும் மழைநீர் அப்படியே மேலே தள்ளுகிறது. இதில் உயிருக்கு வேலையே இல்லை. சுக்கான் கல் கலந்த மண்ணாக இருந்தால் சுண்ணாம்பிலிருந்தும் கொஞ்சம் வரும்.

நான்கு மூலங்களில் முதல் இரண்டுதான் மூச்சாக வெளிவருகின்றன. எங்கிருந்து வந்தது என்று தீர்ப்பு சொல்லாத சொல் வேண்டும். "உமிழ்வு" அப்படிப்பட்டது, பசுமை இல்ல வாயு உமிழ்வு என்று ஏற்கெனவே நிலைத்தும்விட்டது.

பின்குறிப்பு: ஒரு பலம் கால் பலமாகக் காய வேண்டுமென்றால் முக்கால் பங்கு நீர் இருந்திருக்க வேண்டும். அதாவது காய்ந்த மண்ணைப்போல மூன்று மடங்கு எடை நீர். களிமண்கூட நிறைந்து நிற்கும்போது தன் எடையில் பாதி, அதற்குச் சற்று மேல்தான் பிடிக்கும். எனவே அது நேர் அளவாக இருக்க முடியாது.

அனுப்புநர்: சிதம்பரம்
செவ்வாய், காலை 10.15

> எனவே அது நேர் அளவாக இருக்க முடியாது

உலர்ச்சியின் மிகுதியைச் சொல்வதற்கு வந்த அளவு அது. தொடியும் கஃசும் நிறுத்தல் அளவைப் பெயர்களே என்றாலும், புலவர் தராசு பிடிக்கச் சொல்லவில்லை. எருவில்லாமல் விளையும் என்ற முடிவுக்கு உலர்த்தலே காரணம் என்று கண்ட கண்ணைப் பாருங்கள்.

மூச்சு என்பதை விட்டுக்கொடுக்கிறேன். உணங்கலை விடமாட்டேன். "மறுநனைவு" என்றால் இரண்டாம் முறை நனைவது, அவ்வளவே. இன்று நனைந்த மண் நாளையும் நனைந்தால் அதுவும் மறுநனைவுதான். காய்தல் அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது? காரணத்தை விட்டுவிட்டுக் காரியத்துக்குப் பெயர் வைப்பது முறையா?

அனுப்புநர்: பாகூர்
செவ்வாய், பகல் 12.40

எல்லோருக்கும் வணக்கம். செய்முறை ஏட்டைப் படிக்கப்போகிறவருக்குப் பதினெட்டு வயது. பன்னிரண்டாம் வகுப்பு வரை "கார்பன் டை ஆக்சைடு" என்று படித்து வந்தவர். அவரிடம் போய் உணங்கல் என்றால் முதலில் அகராதியைத் தேடுவார், அதற்குள் சாடியில் 24 மணி நேரம் ஓடிவிடும். "முதல்மழைக் கார்பன் எழுச்சி" என்று போடுங்கள். மூன்று சொல்லும் தெரிந்த சொல்.

அல்லது "பிர்ச் விளைவு". இராமன் விளைவு என்று சொல்லவில்லையா? கண்டவர் பெயரைக் கொடுப்பதில் தமிழுக்கு என்ன குறை?

அனுப்புநர்: சிதம்பரம்
செவ்வாய், பகல் 1.30

பாகூராரே, பிர்ச் என்றால் ஆங்கிலத்தில் ஒரு மரத்தின் பெயரும் ஆகும். வடமொழிப் பூர்ஜமும் அதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஓலைபோல் எழுதப் பயன்பட்ட மரப்பட்டை பூர்ஜபத்திரம். மாணவர் தேடினால் மண்ணை விட்டு இமயமலைக் காட்டுக்குப் போய்விடுவார்.

"முதல்மழை" என்ற கருத்துக்கு அழகிய பழஞ்சொல் உண்டு: தலைப்பெயல். திருமுருகாற்றுப்படையில் "தலைப்பெயல் தலைஇய தண்ணறுங் கானத்து" என்று வருகிறது. முதல் மழை பெய்த காடு குளிர்ந்து, நறுமணம் கமழ்கிறது. அந்த மணம் நாம் மண்வாசனை என்கிறோமே, அதுதான். "தலைப்பெயல் உமிழ்வு" என்றால் இலக்கியமும் அறிவியலும் ஓரிடத்தில் கூடும்.

அனுப்புநர்: வில்லியனூர்
செவ்வாய், மாலை 5.50

மண்வாசனைக்குப் பெரும் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. காய்ந்த மண்ணில் மழைத்துளி விழும்போது காற்றில் ஏறுகிறது. மணமும் கார்பனும் ஒரே நேரத்தில் வந்தாலும் வாயு வேறு. கார்பன் டை ஆக்சைடுக்கு மணமே கிடையாது. மணம் போனதும் உமிழ்வு நின்றுவிட்டதாக மாணவர் நினைத்துவிடக் கூடாது.

அனுப்புநர்: கடலூர்
செவ்வாய், இரவு 9.25

தலைப்பெயல் மனதைத் தொடுகிறது ஐயா. ஆனால் முதல்மழை, தலைப்பெயல் இரண்டுக்கும் ஒரே தடை: இது முதல் மழைக்கு மட்டும் நடப்பதல்ல. சித்திரையில் இடிமழை ஒன்று பெய்கிறது, நான்கு நாள் வெயிலில் மேல்மண் காய்கிறது, அடுத்த மழைக்கு மறுபடி ஏறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நடக்கிறது. சுற்றுகள் அடுத்தடுத்து வந்தால் எளிதில் சிதையும் மக்கு தீர்ந்துகொண்டே போவதால் ஏற்றம் சிறுத்துக்கொண்டே வரும். வெறிப்பு நீண்டால் அடுத்த ஏற்றம் பெரிதாகும். செய்முறையின் இரண்டாம் பகுதி இதுதான்: அதே மண்ணை மூன்று முறை காயவைத்து, மூன்று முறை நனைத்து, மூன்று எண்களையும் ஒப்பிடுவது. அங்கே "தலைப்பெயல்" என்று எப்படி எழுதுவேன்?

மழைப்பாங்கு மாறுவது பற்றிய பத்தி இதை ஒட்டித்தான் வருகிறது. நம் பகுதியில் ஆண்டு மழை சுமார் 1,300 மி.மீ.; பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஃபெஞ்சல் புயல் கரையேறிய 2024 நவம்பர் 30-ஐ ஒட்டிப் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில். அதே நீர் பதினைந்து மழைநாட்களாகப் பிரிந்து வந்திருந்தால் பதினைந்து நனைவு, நடுவே பதினான்கு காய்தல்.

அனுப்புநர்: காரைக்கால்
புதன், காலை 6.50

அம்மா, அந்தப் பத்தியில் "மழை ஒழுங்கு கெட்டால் கார்பன் கூடும்" என்று ஒற்றை வரியாக எழுதிவிடாதீர்கள். எந்தப் பக்கம் சாயும் என்பது மண்ணைப் பொறுத்தது.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துக் கோன்சா புல்வெளியில், மொத்த மழையைக் குறைக்காமல், மழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மட்டும் 50 சதவீதம் நீட்டினார்கள். 2002-ல் வெளியான முடிவுப்படி மண்ணிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடு 16 சதவீதம் குறைந்தது. ஒவ்வொரு மழைக்கும் ஏற்றம் இருந்தாலும், நடுவே நீண்ட நாட்கள் மண் வறண்டு கிடந்ததால் வேரும் நுண்ணுயிரும் சோர்ந்து மொத்தம் இறங்கிவிட்டது. ஓரளவு ஈரமான புல்வெளியில் இப்படி.

வறண்ட நிலத்தில் கணக்கு மாறும். 5 மி.மீ. தூறல் மேல் ஓரிரு செ.மீ.யை மட்டும் நனைக்கும். நுண்ணுயிர் அங்கே இருக்கிறது, விழித்துக்கொள்ளும். வேர் கீழே இருக்கிறது, அதற்கு எட்டாது. கார்பன் போகும், பயிர் அதை ஈடுகட்டாது. பெருமழையோ இடுக்கெல்லாம் நீரால் நிரப்பி ஆக்சிஜன் புகாமல் அடைக்கும், உமிழ்வு தணியும், நீர் வடிந்து காற்று புகுந்த பிறகே ஏறும். ஃபெஞ்சல் அளவு மழையில் பாதிக்கு மேல் வழிந்தோடி, மேல்மண்ணையும் அதோடு மக்கையும் அடித்துக்கொண்டு போகும். அந்தக் கார்பன் காற்றுக்குப் போகாமல் ஏரிக்கும் கடலுக்கும் போகிறது.

அனுப்புநர்: பண்ருட்டி
புதன், காலை 9.00

காரைக்காலார் சொன்னதை ஏற்கிறேன், காய்ச்சல் பாய்ச்சலைத் திரும்பப் பெறுகிறேன். அது நெல்லோடு இருக்கட்டும்.

"காய்நனைவு" எப்படி? ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. காய்ந்த நனைவு, காய்கின்ற நனைவு.

அனுப்புநர்: சிதம்பரம்
புதன், காலை 9.40

வினைத்தொகையில் வினைக்குரியது பின்வரும் பெயர். ஊறுகாயில் ஊறுவது காய். காய்நனைவில் நனைவு காய்வதில்லை, மண் காய்கிறது. ஆகவே அது நிற்காது. உம்மைத்தொகையாகக் கொண்டால், காய்தலும் நனைதலும் என்று விரியும். அப்போது "உணங்குநனைவு" என்றே சொல்லிவிடலாமே.

அனுப்புநர்: பாகூர்
புதன், காலை 10.05

உணங்கு, காய் இரண்டும் ஒரே பொருள். ஒன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. மற்றது உரையாசிரியர்களிடம் இருக்கிறது. தனித்தமிழா பொதுத்தமிழா என்று சண்டை போடவே இங்கே இடமில்லை, காய் என்பதும் தூய தமிழ்தான்!

கார்பனுக்கும் இதையே சொல்வேன். "கரியமில வாயு"வைக் கொண்டுவரலாம் என்று தனிமடலில் ஒருவர் எழுதினார். கரி அமிலம் என்பது நீரில் கரைந்த பிறகு உண்டாவது. அந்தக் காலத்து ஐரோப்பியப் பெயரை அப்படியே பெயர்த்ததால் வாயுவுக்கு அமிலப் பெயர் வந்தது. ஏடு முழுக்கக் காரத்தையும் அமிலத்தையும் வைத்துத் தரம் பார்க்கும்போது வாயுவையும் அமிலம் என்றால் எந்த அமிலம் என்று கேட்பார்கள். மண் பரிசோதனை அட்டையில் "அங்ககக் கரிமம்" என்று வருவதால் அதை ஓரிடத்தில் அடைப்புக்குள் காட்டிவிட்டு, மற்ற இடங்களில் கார்பன் என்றே விடுங்கள்.

அனுப்புநர்: வில்லியனூர்
புதன், இரவு 8.30

சொல்லைப் பற்றிப் பேசும்போதே செய்முறையில் தவறும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன், அச்சுக்குப் போன பிறகு திருத்த முடியாது.

நனைக்கும்போது நீரை ஒரே இடத்தில் ஊற்றினால் அங்கே சேறு, ஓரத்தில் புழுதி. பிப்பெட்டால் பரவலாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீர் விட்டவுடனே சாடியை மூட வேண்டும். பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் முதல் ஏற்றம் வகுப்பறைக் காற்றில் போய்விடும். 60 சதவீதத்துக்குப் பதில் முழுக்க நிரப்பிவிட்டால் எண் இறங்கும். மாணவர் "விளைவு இல்லை" என்று எழுதுவார். சோடியம் ஹைட்ராக்சைடைத் திறந்து வைத்தால் அறைக் காற்றையே உறிஞ்சும், அதனால்தான் மண் இல்லாத சாடி கட்டாயம். அமிலத்தை வேகமாக விட்டால் இளஞ்சிவப்பு மறைந்தபின்னும் இறங்கிக்கொண்டே போய், வீழ்படிவான பேரியம் கார்பனேட்டைக் கரைக்கத் தொடங்கும். உமிழ்வு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

சுக்கான் கல் மண்ணை இந்தச் செய்முறைக்கு எடுக்கவே வேண்டாம். ஒரு சிட்டிகை மண்ணில் அமிலம் ஒரு சொட்டு விட்டு, நுரைத்தால் ஒதுக்கிவிடுங்கள்.

மாதிரிக் கணக்கின் 72-க்கு ஒரு வரி விளக்கம் சேர்க்கலாம். மண்ணில் கார்பன் 0.4 சதவீதம் என்றால் கிலோவுக்கு 4,000 மி.கி. ஒரே நாளில் 72 போனால் ஏறத்தாழ 2 சதவீதம். எருப் போட்டுச் சேர்த்தது எவ்வளவு எளிதில் போகிறது என்று மாணவருக்கு உறைக்கும்.

என் வாக்கு: மறுநனைவு உமிழ்வு.

அனுப்புநர்: பண்ருட்டி
வியாழன், காலை 8.15

நானும் மறுநனைவு உமிழ்வுக்கே. சேர்த்து எழுதுவதா பிரித்தா?

அனுப்புநர்: சிதம்பரம்
வியாழன், காலை 8.50

நன்னூல் 164: உயிர்வரின் உக்குறள் மெய்விட்டோடும், முற்றியலுகரமும் ஒரோவழி அப்படியே. விதிப்படி சேர்த்தால் "மறுநனைவுமிழ்வு". படிப்பவர் "நனைவும் இழ்வு" என்று பிரிப்பார். பிரித்தே எழுதுங்கள். அந்தச் சொல் எனக்கு உடன்பாடில்லை என்றாலும் பிழையோடு அச்சேற விடமாட்டேன்.

அனுப்புநர்: காரைக்கால்
வியாழன், காலை 11.30

மறுநனைவு உமிழ்வு, சரி. நீர் தேங்கிய வயலுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு அடிக்குறிப்பு.

அனுப்புநர்: பாகூர்
வியாழன், பிற்பகல் 2.10

முதன்முறை வருமிடத்தில் "பிர்ச் விளைவு என்றும் வழங்கும்" என்று சேர்த்தால் சம்மதம். மாணவர் பிறகு வேறு நூலில் தேட அதுதான் வழி.

அனுப்புநர்: கடலூர்
வியாழன், மாலை 6.00

நன்றி. ஏட்டில் இப்படிப் போகிறது: "காய்ந்த மண் மீண்டும் நனைந்ததும், சில மணி முதல் சில நாள் வரை கார்பன் டை ஆக்சைடு வழக்கத்தைவிட மிகுந்து வெளிப்படுவது மறுநனைவு உமிழ்வு, பிர்ச் விளைவு என்றும் வழங்கும்." அடிக்குறிப்பும் குறளும் உண்டு. பத்தித் தலைப்பு: வெறிப்பு நாட்கள்.

அனுப்புநர்: சிதம்பரம்
வியாழன், இரவு 9.15

வரையறையில் "காய்ந்த" என்று தொடங்க வேண்டியிருக்கிறதே, அதுதான் என் வாதம். சொல்லுக்குள் இல்லாததால் வெளியே எழுத வேண்டி வந்தது. பெரும்பான்மைக்கு இணங்குகிறேன், கருத்து மாறவில்லை.

வெறிப்பு பற்றியும் ஓர் ஐயம். வெறிப்பது வானம். முந்திரித் தோப்பில் சருகு மூடிய மண்ணும் பக்கத்துப் பொட்டல் மண்ணும் ஒரே வெறிப்பில் ஒரே அளவு காயுமா?

அனுப்புநர்: வில்லியனூர்
வெள்ளி, காலை 6.20

காயாது. ஐயா கேட்டது செய்முறைக்கே முக்கியமானது. பத்து நாள் வெறிப்பில் பொட்டல் செம்மண்ணின் மேல் 5 செ.மீ. பொடியாகிவிடும், சருகுக்கு அடியில் பிடித்தால் உருண்டை நிற்கும். ஏற்றத்தின் அளவு மண் எவ்வளவு காய்ந்தது என்பதைத்தான் பின்பற்றும், நாட்களை அல்ல.

அம்மா, நேரம் இருந்தால் அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்த்து "உணங்கல்" என்றே தலைப்பு வையுங்கள். அதில் நாட்களை எழுத வேண்டாம். நனைப்பதற்கு முன் 10 கிராம் மண்ணை 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் அடுப்பில் உலர்த்தி, இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து, நூறால் பெருக்கி எழுதச் சொல்லுங்கள்.

அனுப்புநர்: கடலூர்
வெள்ளி, பகல் 12.05

சேர்த்துவிட்டேன். பத்தி ஒன்று: வெறிப்பு நாட்கள். பத்தி இரண்டு: உணங்கல், ஈரச் சதவீதம். பத்தி மூன்று: மறுநனைவு உமிழ்வு, கிலோவுக்கு மி.கி. கார்பன். அச்சகத்துக்கு நான்கு மணிக்கு அனுப்புகிறேன். அதற்குள் எழுத்துப்பிழை கண்டால் மட்டும் எழுதுங்கள்.